கியர் தானாக மாறும்! ஆயில் தானாக மாறுமா?

மனிதனுக்குக் கால்கள் இரண்டு. காருக்கு மிதிகள் மூன்று!

ஒரு மிதி வேகத்தைக் கூட்ட. இன்னொன்று வண்டியை நிறுத்த. மூன்றாவது, கிளட்ச். இந்த மூன்றாவது மிதிதான் இடது காலைப் படாத பாடு படுத்துகிறது.

ஓசூரில் இருந்து பெங்களூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தூரம் என்னவோ சுமார் 40 கிலோ மீட்டர்தான். ஆனால் ஜூஜுவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளியைக் கடந்து, எலக்ட்ரானிக் சிட்டி போய்ச் சேருவதற்குள் வண்டி ஓடுவதைவிட நிற்பதே அதிகம். ஓர் அடி நகரும், நிற்கும். மறுபடி நகரும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தடவையும் கிளட்சை மிதிக்க வேண்டும். வீடு திரும்பும்போது முழங்கால் கெஞ்சும்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்ததுதான், "ஆட்டோமேட்டிக்" கார். அதில் கிளட்ச் மிதி கிடையாது. கியரை மாற்ற வேண்டியதும் இல்லை. காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு.

"அது தொல்லை இல்லாத வண்டி. வாங்கிப் போட்டால் போதும்" என்பது ஒரு பேச்சு.

"ஐயோ, வேண்டாம்! கெட்டுப் போனால் வீட்டை விற்றுத்தான் ரிப்பேர் செய்ய வேண்டும்" என்பது இன்னொரு பேச்சு.

இரண்டிலும் பாதிதான் உண்மை!

ஓசூரின் பெருமை

கியர் இல்லாத வண்டி ஓசூருக்குப் புதிதல்ல.

1980-ம் ஆண்டில் ஓசூர் தொழிற்சாலையில் இருந்து "டி.வி.எஸ். 50" மொபெட் வெளிவந்தது. அதற்குக் கியரும் இல்லை. கிளட்ச் பிடியும் இல்லை. முறுக்கினால் ஓடும். பால்காரர், காய்கறிக்காரர், வாத்தியார் எல்லோரும் அதை ஓட்டினார்கள். 1994-ல் "ஸ்கூட்டி" வந்தது. பெண்கள் தாராளமாக வண்டி ஓட்டத் தொடங்கியதற்கு, கியர் தொல்லை ஒழிந்ததும் ஒரு காரணம்.

அதே 1980-ல்தான் அசோக் லேலண்டு நிறுவனமும் ஓசூரில் லாரித் தொழிற்சாலையைத் தொடங்கியது. 2021-ல் ஏத்தர் நிறுவனம் ஓசூரிலும், ஓலா நிறுவனம் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளைத் திறந்தன. மின்சார ஸ்கூட்டரில் கியர் மாற்றும் வேலையே இல்லை.

ஆக, கிருஷ்ணகிரி மாவட்டம் வண்டி செய்யும் மாவட்டம். வண்டி செய்கிற ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டுக் காரின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

காரின் பல இடங்களில் "சென்சார்" என்னும் உணர்வுக் கருவிகள் இருக்கின்றன. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது? டிரைவர் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறார்? ஆயில் எவ்வளவு சூடாக இருக்கிறது? இவற்றையெல்லாம் அந்தக் கருவிகள் நொடிக்குப் பலமுறை கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன.

கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. "இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதுக்குப் போ" என்று உத்தரவு போடுகிறது. உடனே மின்சாரத்தால் இயங்கும் சிறிய அடைப்பான்கள் திறக்கின்றன. ஆயில் பாய்கிறது. கியர் மாறுகிறது. இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில்!

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. 1939-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் "ஹைட்ரா மேட்டிக்" என்ற தானியங்கி கியர் பெட்டியைச் செய்து, ஏராளமான கார்களில் பொருத்தியது. இரண்டாவது உலகப் போரில் டாங்கிகளில்கூட அதை வைத்தார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் இல்லை. ஆயிலின் அழுத்தமும் ஸ்பிரிங்குகளுமே கியர் மாற வேண்டிய நேரத்தை முடிவு செய்தன. பிறகுதான் அந்த முடிவு செய்யும் வேலை மின்னணுக் கருவிகளின் கைக்கு வந்தது.

இந்தியாவில் 2014-ம் ஆண்டு மாருதி நிறுவனம் "செலேரியோ" என்ற சிறிய காரில் விலை குறைந்த தானியங்கி கியரைக் கொண்டுவந்தது. அதுவரை பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்தது, நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கும் வந்தது.

நான்கு வகை

ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நான்கு வகை உண்டு.

முதல் வகை, "டார்க் கன்வர்ட்டர்". எதிரெதிராக இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் சுழல விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதே தத்துவம்தான். காற்றுக்குப் பதில் இங்கே ஆயில். மூன்று தலைமுறையாகத் தேறி வந்த வகை இது. ஆயிலைச் சுத்தமாக வைத்திருந்தால் நெடுநாள் உழைக்கும்.

இரண்டாவது, "ஏ.எம்.டி.". இது சாதாரண கியர் பெட்டியேதான். டிரைவரின் காலும் கையும் செய்கிற வேலையை ஓர் எந்திரக் கை செய்கிறது. விலை குறைவு. மாறும்போது சிறிது குலுங்கும். கிளட்ச் தட்டு தேய்ந்தால், சாதாரணக் காரைப் போலவே இதிலும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது, "சி.வி.டி.". இரண்டு கப்பிகள், நடுவே ஒரு பெல்ட். ஸ்கூட்டியில் இருப்பதும் இதே தத்துவம்தான். காரில் அந்த பெல்ட் உலோகத்தால் ஆனது.

நான்காவது, "இரட்டைக் கிளட்ச்". 1, 3, 5 கியர்களுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6 கியர்களுக்கு இன்னொரு கிளட்ச். மின்னலாக மாறும். ஆனால் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடு ஏறும்.

கார் வாங்கப் போகிறவர்கள் "என்ன நிறம் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "இதில் எந்த வகைக் கியர் பெட்டி இருக்கிறது?" என்று கேட்கிறவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்!

நம்பலாமா?

நம்பலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பெரிய பெரிய நிறுவனங்களே இதில் சறுக்கி இருக்கின்றன.

2013-ம் ஆண்டு நவம்பரில், ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் உலகம் முழுவதும் 16 லட்சம் கார்களைப் பட்டறைக்குத் திரும்ப அழைத்தது. இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டியில் ஊற்றிய ஆயில்தான் காரணம். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில், நெரிசலில் ஓடும்போது, அந்த ஆயிலால் மின் இணைப்பில் கோளாறு வரக்கூடும் என்று தெரிந்தது. ஆகவே ஆயிலையே வேறு வகையாக மாற்றினார்கள்.

ஆயிலால் மின்சாரம் கெட்டது! ஆயிலும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் நடத்துகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னொரு கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. போர்டு நிறுவனத்தின் இரட்டைக் கிளட்ச் கார்கள் குலுங்குகின்றன என்று ஏராளமான பேர் புகார் சொன்னார்கள். அவர்களில் பலருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "கோளாறு காரில் இல்லை, நீங்கள் ஓட்டுகிற விதம் சரியில்லை!"

அரசின் நுகர்வோர் ஆணையம் கோர்ட்டுக்குப் போனது. குறை இருப்பது தெரிந்தே ஓட்டுகிறவர் மீது பழி போட்டது அம்பலமானது. 2018-ம் ஆண்டு ஏப்ரலில், 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

நமது ஊர்க் குடும்பங்களுக்கு இதில் பாடம் உண்டு. கார் குலுங்கினால் உடனே "நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை" என்று தலை குனிய வேண்டியதில்லை. முக்கியமாகப் பெண்கள்! குறையை எழுத்தில் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் என்ன பிழை எண் வந்தது என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

"ஆயுள் முழுவதும் போதும்!"

சில கார்களின் குறிப்புப் புத்தகத்தில், "கியர் ஆயிலை மாற்றத் தேவையில்லை, ஆயுள் முழுவதும் போதும்" என்ற பொருளில் எழுதி இருக்கிறது. படிக்க இனிக்கிறது. ஆனால் யாருடைய ஆயுள்? காரின் ஆயுளா, கியர் பெட்டியின் ஆயுளா, உத்தரவாதக் காலத்தின் ஆயுளா?

கியர் பெட்டி செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஜெர்மனியின் "இசட்.எப்." நிறுவனம், தன் தானியங்கிப் பெட்டிகளில் 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவனே சொல்கிறபோது, வேறு சாட்சி எதற்கு?

சாதாரண கியர் பெட்டியில் ஆயிலின் வேலை வழுக்கி விடுவது. தானியங்கிப் பெட்டியிலோ ஆயிலே வேலைக்காரன்! கிளட்சை அழுத்துவது ஆயில். சூட்டைத் தணிப்பது ஆயில். அது கருத்து, கெட்டியாகி, தூள் கலந்து போனால், சிறிய அடைப்பான்கள் அடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் உத்தரவு போடும். ஆனால் கியர் மாறாது. டிரைவர் கம்ப்யூட்டரைத் திட்டுவார். குற்றவாளியோ ஆயில்!

ஆயிலில் தீய்ந்த வாசனை வந்தால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஆயில் சொட்டி இருந்தாலும் அலட்சியம் கூடாது. அதுபோலவே, ஒரு வகைக்கு உரிய ஆயிலை இன்னொன்றில் ஊற்றக் கூடாது. சி.வி.டி.க்கு வேறு, டார்க் கன்வர்ட்டருக்கு வேறு. "எல்லாம் ஆயில்தானே!" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை ஊற்றினால், பெட்டிக்கு அது விஷம்.

நொண்டுகிற கார்

சில நாள் காலையில் காரில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஒரே கியரில் நொண்டும். வேகம் எடுக்காது. வீட்டில் எல்லோரும் பயந்து போவார்கள்.

அது கம்ப்யூட்டர் செய்கிற தற்காப்பு. "எங்கோ கோளாறு. பெட்டி உடையாமல் இருக்க, மெதுவாகப் பட்டறைக்குப் போ" என்று அது சொல்கிறது. அதை மதிக்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டுப் பழையபடி ஓட்டுவது, காய்ச்சலுக்கு மருந்து தராமல் தெர்மாமீட்டரை உடைப்பது போன்றது.

பல சமயம் காரணம் மிகச் சிறியதாக இருக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தாலே கம்ப்யூட்டர் குழம்பும். ஒரு மின் இணைப்பில் ஈரம் ஏறினாலும் குழம்பும். ஆகவே, "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், அதற்கு முன்பு மூன்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பேட்டரி, இணைப்புகள், ஆயில். இந்த மூன்றையும் பார்க்காமல் லட்சக் கணக்கில் பணத்தை எண்ணி வைக்கக் கூடாது.

மலைச் சரிவில்

ஓசூர் மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். கிருஷ்ணகிரி அதைவிட மிகவும் தாழ்வு. நடுவே சூளகிரி, மேலுமலை. கீழே தர்மபுரியைத் தாண்டினால் தொப்பூர் கணவாய்.

தொப்பூர் சரிவில் நடந்த விபத்துகளை ஊரே அறியும். டீசலை மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் உருட்டி, பிரேக் பிடிக்காமல் போய் உயிர்களைப் பறிகொடுத்த கதைகள் அங்கே உண்டு.

ஆட்டோமேட்டிக் காருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சரிவில் நியூட்ரலில் போடவே கூடாது. கையால் கியரைக் குறைக்கும் வசதி பெரும்பாலான கார்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். பிரேக் அதிகம் சூடாகாது.

ஏற்றத்தில் நிற்கும்போது வேக மிதியை லேசாக மிதித்தபடியே வண்டியைப் பின்னால் நகராமல் பிடித்து வைப்பது சிலருக்குப் பழக்கம். ஏ.எம்.டி., இரட்டைக் கிளட்ச் கார்களில் இது கிளட்சை வேக வைத்துவிடும். பிரேக்கில் கால் வைக்க வேண்டும். அல்லது கை பிரேக் போட வேண்டும்.

நெரிசலிலும் அப்படியே. முன் வண்டி ஓர் அடி நகர்ந்தால், தானும் ஓர் அடி நகர வேண்டும் என்ற அவசரம் எதற்கு? கொஞ்சம் இடம் விழுந்த பிறகு நகர்ந்தால் கிளட்சுக்கு ஆயுள் கூடும்.

முன்னே போகும் வண்டி முழுதாக நின்ற பிறகுதான் பின்னே போகும் கியரைப் போட வேண்டும். சரிவில் நிறுத்தும்போது முதலில் கை பிரேக். பிறகுதான் "பி" என்னும் பூட்டு. ஏ.எம்.டி. கார்கள் பெரும்பாலானவற்றில் "பி" கிடையாது. கியரில் விட்டு, எஞ்சினை நிறுத்தி, கை பிரேக்கைப் போட வேண்டும்.

வெள்ளம் வந்தால்

2024-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. நிறுத்தி இருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. கிருஷ்ணகிரி மாவட்டம் வறண்ட பூமி, இங்கே வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

வெள்ளத்தில் நின்ற ஆட்டோமேட்டிக் காரை உடனே கிளப்பக் கூடாது. காற்று போகிற துளை வழியாகக் கியர் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து இருக்கலாம். தண்ணீர் கலந்த ஆயில் பால் போல வெளுத்துவிடும். கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், பெட்டிக்குள் பல பாகங்களுக்கு ஆயில் போகாது, தேய்ந்து போகும். சக்கரம் தரையில் படாமல், லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பக்கத்து மெக்கானிக்

கார்க்காரர் கவனமாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனையோ சிறிய பட்டறைகள் இருக்கின்றன. சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் வந்ததும் அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். திறமை இல்லாமல் அல்ல. கம்ப்யூட்டரோடு பேசும் கருவி அவர்களிடம் இல்லை. கார் நிறுவனம் கொடுக்கும் ரிப்பேர் குறிப்பும் இல்லை.

பூட்டுக்குச் சாவியை ஒருவனே வைத்திருந்தால், அவன் சொன்னதுதான் விலை!

இதை மத்திய அரசும் உணர்ந்து இருக்கிறது. 2022-ம் ஆண்டு ஜூலையில் "ரிப்பேர் செய்யும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் திறந்தது. அதில் மோட்டார் வண்டிகளும் சேரும். ஆனால் இணையதளம் திறந்தால் மட்டும் பட்டறையின் கதவு திறந்துவிடாது. ரிப்பேர் குறிப்பும், பிழை எண்களின் பொருளும், உதிரிப் பாகமும் நியாய விலையில் எல்லா மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும்.

தமிழக அரசு டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தி இருக்கிறது. திட்டத்தின் மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். நல்ல காரியம். பகலில் மாணவர்கள் படிக்கிற அந்தக் கூடங்களில், மாலையில் வயது வந்த மெக்கானிக்குகளும் படிக்க வழி செய்ய வேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் கம்ப்யூட்டரையும் கற்றுக் கொடுத்தால், அவரை மிஞ்ச யாரால் முடியும்?

கார் நிறுவனங்களும் குறிப்புப் புத்தகத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிற காருக்கு, தமிழில் நாலு பக்கம் எழுதுவது பெரிய செலவா?

சட்டம் துணை

அப்படியும் ஏமாற்றப்பட்டால் சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் உதவி கேட்கலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும். சர்வீஸ் புத்தகம் வேண்டும். நேரத்தில் ஆயில் மாற்றியவருடைய வாதத்துக்குத்தான் வலு இருக்கும்.

பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்க பெங்களூருக்குப் போகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. பளபளப்பைப் பார்த்து மயங்காமல், சர்வீஸ் புத்தகத்தைக் கேட்க வேண்டும். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கிளப்பி, முன்னும் பின்னும் கியர் போட்டுப் பார்க்க வேண்டும். "டமார்" என்று உதைத்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்!

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? கார் வாங்க லட்சங்களைச் செலவிடுகிற குடும்பம், ஆயில் மாற்ற ஆயிரங்களை ஒதுக்கி வைக்கத்தான் வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கார் நல்ல வண்டி. முழங்கால் வலிக்காரர், வயதானவர், இடது காலில் குறை உள்ளவர், புதிதாக ஓட்டப் பழகும் தாய்மார்கள் எல்லோருக்கும் அது வரம். கியர் மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. ஆயிலைப் பார்க்கிற வேலையையும், ரசீதைப் பத்திரப்படுத்துகிற வேலையையும் அது எடுத்துக்கொள்ளவில்லை. அவை இன்னும் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கின்றன!